மேனேஜரின் நகங்கள்

என் கணவர் சலூன் வைத்திருக்கிறார். நான் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். கத்தரியையும் ஊசியையும் நம்பிப் பிழைக்கிற வீட்டில் ஒரு பூனைக்கு நகம் வெட்ட ஆளில்லை என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் என் நாத்தனார்.

பூனையின் பெயர் மேனேஜர். காலையில் எழுந்ததும் எல்லா அறைகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வரும். திறந்து கிடக்கும் அலமாரிக்குள் தலையை விட்டுப் பார்க்கும். எதுவுமே சரியில்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். அதற்கப்புறம் ஒரு துரும்பை அசைக்காது. வேறென்ன பெயர் வைப்பது?

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் என்னோடு பேச்சுத்துணைக்கு இருப்பது மேனேஜர்தான். கணவர் பகலெல்லாம் கடையில் பேசித் தீர்த்துவிட்டு, வீட்டுக்கு வரும்போது வாயைக் கழற்றிக் கடையிலேயே மாட்டிவிட்டு வருகிறவர். "சாப்பாடு", "ஃபேன்", "தூக்கம் வருது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மேனேஜர் அப்படியில்லை. நான் ஒன்று சொன்னால் அது ஒன்று சொல்லும். நான் புலம்பினால் மடியில் ஏறி உட்கார்ந்து, முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோல் பிசையும். நகத்தோடுதான் பிசையும். என்னிடம் நூல் இழுபடாத உடுப்பு ஒன்றுகூடக் கிடையாது. போகட்டும், உடுப்புதானே என்று விட்டுவிட்டேன்.

அப்போதுதான் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. கணவருக்கு அக்கா. எனக்கு அண்ணி.

"அப்பா அடுத்த மாசத்துலேர்ந்து உங்ககூடதான் இருக்கப் போறார். ஆபரேஷனுக்கு அப்புறம் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க, தெரியும்ல? சின்னதா ஒரு கீறல் பட்டாக்கூட ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார். உங்க வீட்டுல ஒரு பூனை இருக்குல்ல?"

"இருக்கு அண்ணி."

"அதை எங்கயாவது விட்டுடு."

"நகத்தை வெட்டிடறோம் அண்ணி. நகம் இல்லேன்னா கீறாதுல்ல?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், எனக்குக் காது சுட்டது.

"பூனைக்கு நகம் வெட்டறதா? யாரு, நீயா, என் தம்பியா? சரிம்மா, வெட்டுங்க. அப்பாவை நான்தான் கொண்டுவந்து விடுவேன். ஒவ்வொரு காலா பிடிச்சுப் பார்ப்பேன். கூரா ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அன்னைக்கே தூக்கிட்டுப் போய் எங்க வீட்டுக்காரர் குடோன்ல விட்டுடுவேன். அங்க எலி நிறைய இருக்கு, பொழுது போகும்."

மேனேஜருக்கு எலி என்றால் பயம். கரப்பான் பூச்சி குறுக்கே வந்தாலே ஒதுங்கி வழிவிடும். ஆனாலும் அண்ணியிடம் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவர் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தினமும் என்னிடம் வருகிறார்கள். ஊசியை எடுத்த பிறகும் அவர்கள் கையில் பஞ்சை வைத்து நான் அழுத்திக்கொண்டே இருப்பேன், அடுத்து நிற்பவர் முணுமுணுப்பார். மாமனாரும் வேண்டும், மேனேஜரும் வேண்டும். நகம் வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் கணவர் கையை உதறினார்.

"இது ஒரு வேலையா? என் கடைக்கு வந்து நாற்காலியைக் கடிச்ச குழந்தைக்கே மொட்டை போட்டிருக்கேன். தள்ளாடிக்கிட்டு வந்தவனுக்கு ஒரு கீறல் இல்லாம ஷேவ் பண்ணியிருக்கேன். பூனை எம்மாத்திரம்?"

கடை விடுமுறை நாளில் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். மேனேஜரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே கண்ணாடி. கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போர்த்தி, பின்னால் க்ளிப் போட்டார். அதுவரை மேனேஜர் அசையவில்லை. மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கிறது என்று நினைத்திருக்கும். அடுத்து அவர் என்ன செய்தார் தெரியுமா? கடையிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துத் தலையில் புஸ் புஸ் என்று அடித்தார்.

"ஏங்க! நகத்துக்கு எதுக்குத் தண்ணி?"

"கை தானாப் போயிடுச்சு" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மேனேஜர் கம்பி நீட்டிவிட்டது. துண்டு மட்டும் அறை அறையாக ஓடியதை நான் பார்த்தேன்.

தண்ணீர்தான் தப்பு, மற்றபடி தன் பேரில் குறை இல்லை என்று அவர் முடிவு கட்டினார். மறுநாள் பாட்டிலை ஒளித்து வைத்தேன். அன்றைக்கும் பாச்சா பலிக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மடியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற பூனை, கத்தரி பக்கத்தில் வருவதற்கு முன்பே எப்படித்தான் தெரிந்துகொள்ளுமோ, எகிறிப் போய்விடும். நான் சற்றுத் தள்ளி நின்று கவனித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. சலூன்காரர்கள் முடியில் கத்தரி வைப்பதற்கு முன் காற்றில் ரெண்டு தடவை சும்மா வெட்டுவார்களே, கிரிச் கிரிச் என்று, அதை இவர் செய்துகொண்டிருந்தார். மேனேஜருக்கு அது முன்னறிவிப்பு.

"அந்தச் சத்தத்தை நிறுத்துங்க."

"எந்தச் சத்தம்?"

"வெட்டறதுக்கு முன்னாடி கிரிச் கிரிச்சுங்கறீங்களே."

"நானா? சத்தம் போட்டு ஆளைக் கூப்பிட நான் என்ன ஐஸ் விக்கிறவனா?"

சத்தியமாக அவருக்குக் கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் காதோரம் கிடக்கிற சத்தம், காதுக்குள் போவதை எப்போதோ நிறுத்திவிட்டது. கத்தரியைப் பிடுங்கிக்கொண்டு நகவெட்டியைக் கொடுத்தேன். அதையும் ரெண்டு தடவை காற்றில் கடிக்க விட்டார். அதையும் பிடுங்கினேன். வெறும் விரல்கள் ஆடின. கட்டிலுக்கு அடியிலிருந்து ரெண்டு கண்கள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். எனக்கென்ன, கை நடுங்காது, ரத்தத்தைக் கண்டு மயக்கம் வராது. பகல் ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு மாலையில் மேனேஜரைத் துண்டில் சுருட்டி, ஒரு முன்னங்காலை மட்டும் வெளியே எடுத்தேன். விரலை மேலும் கீழுமாக லேசாக அழுத்தினால் உள்ளே ஒளிந்திருக்கும் நகம் வெளியே நீளும். நீண்டது. கண்ணாடிபோல இருந்தது. அதற்குள்ளே மெலிதாக ஒரு ரோஸ் நிறக் கோடு. அது ரத்த நாளம். அதைத் தொடாமல், முனையில் வளைந்திருக்கிற கூர்மையை மட்டும் நறுக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? ரத்த நாளத்தைக் கண்டால் விடாதே, நேராக அதற்குப் போ என்று பழக்கப்பட்ட கை இது. தினமும் அதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வாய் தானாக, "லேசாச் சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்றது. என் கை நேராக அந்த ரோஸ் கோட்டுக்குப் போனது.

ஒரு சொட்டு ரத்தம் வந்தது. நான் பஞ்சை வைத்து அழுத்தி, "கையை மடக்கி வச்சுக்குங்க" என்று பூனையிடம் சொன்னேன்.

மேனேஜர் என்னைக் கீறவில்லை. கீறியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கூப்பிட்டால் வரவில்லை. தட்டில் வைத்த மீனை மோந்து பார்க்கவும் வரவில்லை. நான் தரையில் படுத்து உள்ளே கையை நீட்டினால், கை எட்டாத மூலைக்கு நகர்ந்தது. நான் அங்கேயே கிடந்து அழுதேன். குடோனுக்குப் போவதற்கு முன்பே அது என்னை விட்டுப் போய்விட்டது போல இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு வந்த கணவர், கட்டிலுக்கு வெளியே என் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். விவரம் கேட்டார். தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருமே தொழில்ல கெட்டிக்காரங்க. அதான் கோளாறு" என்றார். அழுகையோடு எனக்குச் சிரிப்பும் வந்து தொலைந்தது.

அடுத்த நாள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு சின்னப் பெண்ணை அவள் அப்பா இழுக்காத குறையாகக் கூட்டிவந்தார். வாசலிலேயே அலறல். நான் ஊசியை எடுக்கவில்லை. கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை அவளிடம் கொடுத்து, என் கையில் கட்டச் சொன்னேன். கட்டினாள். பஞ்சை மோந்து பார்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தாள். அவள் கையைப் பிடித்தேன், விட்டேன். மறுபடி பிடித்தேன், விட்டேன். கடைசியில் ஊசி போய் வந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. அவள் டாட்டா காட்டிவிட்டுப் போன பிறகு எனக்கு என் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரார் பிள்ளைக்கு இவ்வளவு பொறுமை. என் பூனைக்குத் துண்டுச் சுருட்டலா?

அன்று முதல் வேறு வழியில் போனோம். நகவெட்டியை மேனேஜரின் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா போட்டு வைத்தேன். முதலில் சுற்றி வந்து முறைத்தது. பிறகு மோந்தது. பிறகு அதன் மேலேயே வாலைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டது. சாப்பிடும்போது ஒரு பாதத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொள்வேன். அடுத்த நாள் ஒரு நொடி பிடித்துவிட்டு விட்டுவிடுவேன். அதற்கடுத்து ஒரு விரலை அழுத்தி, நகம் எட்டிப் பார்த்ததும் விட்டுவிடுவேன். காலை இழுத்துக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு கடை மூடல். வற்புறுத்தல் கிடையாது.

இனி வெட்ட வேண்டும். கணவரின் வலது கையை என்ன செய்வது? அதில் ஒரு கரண்டியைக் கொடுத்தேன். கரண்டியில் வேகவைத்து மசித்த மீன். அதை மேனேஜர் நக்கிக்கொண்டிருக்கும்வரை அந்தக் கை ஆடக்கூடாது.

"இப்படியே பொம்மை மாதிரி உக்காந்திருக்கணுமா?" என்றார்.

"ஏதாவது பேசிக்கிட்டிருங்க."

"யார்கிட்ட?"

"உங்க முன்னாடி உக்காந்திருக்கிறவர்கிட்டதான்."

கொஞ்சம் யோசித்தார். முன்னால் ஒரு வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கிறார் என்று மனசு ஒப்புக்கொண்டதும் வாய் தானாகத் திறந்தது.

"இன்னைக்கு அந்த வக்கீல் வந்தாரு. முன்னாடி ஒரு முடி கிடையாது, 'முன்னாடி மட்டும் கம்மியா எடுப்பா'ங்கறாரு. நானும் ரொம்ப நேரம் எடுக்கற மாதிரியே பாவ்லா காட்டினேன். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் அந்த மாப்பிள்ளைப் பையன், மீசையை எடுக்கட்டுமா வேணாமான்னு பொண்ணு வீட்டுக்குப் போன் போட்டுக் கேக்கறான்..."

மேனேஜரின் கண்கள் சொக்கின. நாக்கு மெதுவாகியது. அவர் பேச்சைக் கேட்டு நாற்காலியில் தூங்காத ஆள் கிடையாது என்று கடைக்குப் போய் வருகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போதுதான் நேரில் பார்த்தேன். நானோ தூங்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன், வெட்ட வந்தவள் என்பதையே மறந்து.

"இவ்வளவு கதை இருக்கா? எனக்கு ஏன் ஒண்ணுகூட சொன்னதில்ல?"

"நீ என் முன்னாடி இப்படி உக்காந்ததே இல்லையே" என்றார்.

எனக்குப் பூனை மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. சொல்வதற்கு என்ன வெட்கம், கணவர் மேல் கொஞ்சம் ஆசையாகவும் இருந்தது.

பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன், பழைய வசனம் வெளியே வந்துவிடாமல். விரலை அழுத்தினேன். ரோஸ் கோட்டிலிருந்து நன்றாக விலகி, முனையை மட்டும் நறுக்கினேன். டிக். மேனேஜர் ஒரு காதை மட்டும் திருப்பியது. வக்கீல் கதையில் அடுத்தது என்ன என்பதுபோல் மறுபடி மீனை நக்கியது. அன்றைக்கு ஒரு நகம் போதும் என்று நிறுத்தினோம். மறுநாள் ரெண்டு. ஒருநாள் மனசு சரியில்லை போல, காலைத் தரவே இல்லை, விட்டுவிட்டோம். மாமனார் வருவதற்குள் முன்கால் பின்கால் எல்லாம் முடிந்தது. சலூனில் "நானே வெட்டினேன்" என்று ஒருவர் அளந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அளக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாள் வந்தது. மாமனாரை ஒரு கையில் தாங்கி, மறு கையில் மூடிபோட்ட கூடையோடு அண்ணி படியேறி வந்தார். கூடை யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. நகங்களை வெட்டியாகிவிட்டது என்பது ஒரு பக்கம். அண்ணி மனசு வைத்தால் எதிலும் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவார் என்பது இன்னொரு பக்கம்.

மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்த கையோடு, "எங்க அது?" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். ஜவுளிக்கடையில் துணியைத் தேய்த்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் காலைக் கொடுத்துவிட்டு மீன் கரண்டி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தது.

"இப்ப இல்ல. திரும்ப வளரும்ல?"

"வளந்தா வெட்டுவோம் அண்ணி."

"ஒருநாள் மறந்துட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் மேனேஜர் அவர் பிடியிலிருந்து நழுவிப் போய் மாமனாரின் மடியில் ஏறிவிட்டது. ஏறி, முன்னங்கால்களை அவர் தொடையில் ஊன்றி, பிசைய ஆரம்பித்தது. மாமனார் முதலில் விறைத்துப் போனார். பிறகு அவர் தோள் இறங்கியது. "கூசுதும்மா" என்றார் என்னிடம். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"அப்பா, வேணாம்! இறக்கி விடுங்க!"

அண்ணி பாய்ந்து வந்து பூனையை அள்ளப் பார்த்தார். மேனேஜர் அடுத்த நொடி அலமாரி உச்சியில் இருந்தது. மாமனாரின் முன்கையில் சிவப்பாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தடித்து, வழிந்தது.

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல! கீறிடுச்சு!"

மாமனார் தன் கையைப் பார்த்தார். மகளின் கையைப் பார்த்தார்.

"பூனை இல்லம்மா. நீ."

எல்லோரும் அண்ணியின் கையைப் பார்த்தோம். பத்து விரலிலும் நீள நீளமாக, கூராக, பளபளவென்று நகங்கள். ஒன்றின் முனையில் ரத்தம் ஒட்டியிருந்தது. அண்ணியின் முகத்தில் ஈ ஆடவில்லை.

"இது... இது என் நகமே இல்ல" என்றார். "நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போக பார்லர்ல ஒட்டிவிட்டது!"

நான் பஞ்சை வைத்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். என் வாயில் அண்ணிக்காக எத்தனையோ வசனங்கள் வரிசை கட்டி நின்றன. குடோனைப் பற்றி ஒன்று, எலியைப் பற்றி ஒன்று, போனில் சிரித்த சிரிப்பைப் பற்றி ரெண்டு. ரத்தம் நிற்கட்டும், எல்லாவற்றையும் அவிழ்த்துவிடலாம் என்று இருந்தேன். ரத்தம் நின்றது. கட்டுப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தார், ரெண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு.

"ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அவரைத் தொடவே எனக்குப் பயம். சட்டை போட்டு விடறப்ப பட்டன் கீறிடுமோ, கட்டில் முனை இடிச்சிடுமோன்னு தூங்கறதே இல்ல. இவ்வளவும் பாத்துட்டு, கடைசியில நானே..."

வரிசை கட்டி நின்ற என் வசனங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. இத்தனை நாளும் அவர் விரட்டியது என் பூனையை இல்லை, தன் பயத்தை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"எடுத்து விடு" என்று வலது கையை என்னிடம் நீட்டினார்.

நகவெட்டியை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்தேன். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. முதல் விரலிலேயே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வலிக்குதா அண்ணி?"

"இல்ல. பயமா இருக்கு."

விட்டுவிட்டேன். அவராகத் திரும்ப நீட்டும்வரை காத்திருந்தேன். நீட்டினார். பளபள முனைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மாமனார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நாடகம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி விரல் முடிந்த பிறகுதான் மேனேஜர் அலமாரியிலிருந்து இறங்கியது. நேராக அண்ணியிடம் போனது. இடது கை, வலது கை என்று ஒரு விரல் விடாமல் மோந்து பார்த்தது. அண்ணி மூச்சு விடாமல் கையை நீட்டியபடி இருந்தார். பிறகு மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாமனாரின் மடிக்குப் போய்விட்டது.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும். இங்கயே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"அதைச் சொல்ல நீ யாரு?" என்றார் மாமனார், பூனையின் முதுகைத் தடவிக்கொண்டே. "இப்ப அதுதான் உன்னைப் பாத்து, இருந்துட்டுப் போன்னு விட்டிருக்கு."